வண்டி வாடகை யார் தருவது?

கம்பத்தில் விடிகாலை நாலரை மணிக்கு இரண்டு விதமான வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று, மலையேறக் காத்திருக்கும் ஜீப். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி சகிதம் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்குள் போய், வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் நாளெல்லாம் குனிந்து காய் பறித்துவிட்டு, சாயங்காலம் இறங்கி வருவார்கள். இன்னொன்று, சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ஓடிவந்து நிற்கும் ஆம்னி பஸ்.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கம்பம் போயிருந்தேன். இந்த இரண்டு வண்டிகளும் ஒரே குடும்பத்துடையதாக இருந்ததைப் பார்த்தேன். அம்மா ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். மகன் பஸ்ஸிலிருந்து இறங்கினார், முதுகில் லேப்டாப் பையோடு. "பழைய சோறு மூடி வச்சிருக்கேன்யா, சாப்பிட்டுட்டுப் படு" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

மகன், கல்யாண வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி. டீக்கடையில் விசாரித்தேன். "என்ன தம்பி, லீவா?"

"லீவெல்லாம் இல்லண்ணே. சனி, ஞாயிறு. நாளைக்கு ராத்திரி திரும்ப பஸ் ஏறணும்."

அப்புறம் முழுக் கதையும் வந்தது.

2021-ல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கம்ப்யூட்டர் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. நேரடி வேலை கிடையாது, கான்ட்ராக்ட். அமெரிக்காவில் ஒரு கிளையன்ட். அவர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று. அந்தக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு வெண்டார். அந்த வெண்டாருக்குக் கீழே இன்னொரு குட்டி வெண்டார். அதற்கும் கீழே நம் தம்பி. போனில் பேசிய பெண்மணி தேன் ஒழுகச் சொல்லியிருக்கிறார். "பெர்மனென்ட் ஒர்க் ஃப்ரம் ஹோம் சார். நீங்க ஊரைவிட்டு அசையவே வேண்டாம்."

தம்பி நம்பினார். மொட்டை மாடியில் ஷீட் போட்டு ஒரு அறை. கரண்ட் போனால் தாங்க ஒரு இன்வெர்ட்டர். இன்டர்நெட்டுக்கு ஃபைபர் கனெக்‌ஷன். எல்லாம் கைக்காசு. சர்க்கரை வியாதியில் அப்பாவுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கு மாதம் இரண்டு முறை அவரைக் கூட்டிப்போக ஆள் வேண்டும். பன்னீர் திராட்சைத் தோட்டம் அரை ஏக்கர் குத்தகையில் இருக்கிறது, மருந்தடிக்க ஆள் வேண்டும். இரண்டுக்கும் தம்பி இருந்தார். சம்பளம் பெருமையாக இல்லையென்றாலும் வீட்டில் இருந்ததால் கட்டுப்படியானது.

2023-ல் ஒரு மெயில் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சென்னை வந்து தலைகாட்டினால் நல்லது. சரி, போனார். 2024-ல் அடுத்த மெயில். இனிமேல் ஹைபிரிட், வாரம் இரண்டு நாள் ஆபீஸ். 2025-ல் இன்னொன்று. வாரம் ஐந்து நாள். இப்போது புதிதாக ஒரு பேச்சு. டீம் பெங்களூருவுக்கு மாறலாம், தயாராக இருங்கள்.

ஒவ்வொரு மெயிலிலும் ஒரே வாசகம்தானாம். 'இது கிளையன்டின் எதிர்பார்ப்பு.'

இந்த 'எதிர்பார்ப்பு' என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்க் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்களே, "நாங்க வாய்விட்டு எதுவும் கேக்கல, ஆனா ஒரு எதிர்பார்ப்பு இருக்கு" என்று. கேட்டால் வரதட்சணைக் கேஸ் ஆகிவிடும். எதிர்பார்த்தால் ஆகாது! அதே வித்தைதான் இங்கேயும். உத்தரவு என்றால் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். நிபந்தனை என்றால் அதற்கு விலை பேச வேண்டும். எதிர்பார்ப்புக்கு இரண்டும் தேவையில்லை.

*

இந்தத் தம்பி ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று இதை நினைத்துவிடாதீர்கள். ஊரறிந்த பெரிய கம்பெனிகளே இப்படித்தான் பல்டி அடித்திருக்கின்றன.

2020 ஏப்ரலில் டி.சி.எஸ். ஒரு திட்டத்தை அறிவித்தது. '25-க்கு 25' என்று பெயர். அதாவது 2025-க்குள் தன் ஊழியர்களில் 25 சதவிகிதம் பேர் மட்டும் ஒரு நேரத்தில் அலுவலகத்தில் இருந்தால் போதும். அதே கம்பெனி 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2024-ல் காலாண்டு ஊக்கத்தொகையை வருகைப் பதிவோடு சேர்த்து முடிச்சுப் போட்டது. 60 சதவிகிதத்துக்குக் குறைந்தால் அந்தத் தொகை பூஜ்யம். அமேசான் 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025 ஜனவரியிலிருந்து ஐந்து நாள் ஆபீஸ் என்றது. எல்லாவற்றுக்கும் சிகரம், ஜூம். கொரோனா காலத்தில் உலகத்தையே வீட்டிலிருந்து பேச வைத்த அந்த ஜூம் கம்பெனி, 2023 ஆகஸ்டில் தன் ஊழியர்களைப் பார்த்து 'பக்கத்தில் இருப்பவர்கள் வாரம் இரண்டு நாளாவது ஆபீஸ் வாருங்கள்' என்றது. திருப்பதியிலேயே மொட்டை போட மாட்டோம் என்ற கதை!

நம் அரசாங்கமும் இதில் பங்காளிதான். 2020 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. வீட்டிலிருந்தும், நாட்டின் எந்த மூலையிலிருந்தும் இந்த மாதிரி வேலையைச் செய்ய வழிவிட்டது. சின்ன ஊர்களுக்கு விடிவுகாலம் என்று எல்லோரும் பேசினோம். நானும் பேசினேன்.

தேனி மாவட்டத்துக்கு மட்டும் இதில் ஒரு தனி வேடிக்கை உண்டு. மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயிலை அகலப் பாதையாக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. அன்றே சென்னை ரயிலும் போடிவரை நீண்டது, வாரம் மூன்று நாள். வீட்டிலிருந்து வேலை செய்த நாளெல்லாம் ரயில் இல்லை. ஆபீசுக்குக் கிளம்பி வா என்று கூப்பிட ஆரம்பித்த வருஷம் பார்த்து ரயில் வந்து நிற்கிறது! கம்பத்துக்காரருக்கு அதுவும் இல்லை. அவருக்கு இன்றைக்கும் பஸ்தான்.

*

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் போவது பாவம் என்று நான் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளை, பக்கத்து நாற்காலி சீனியரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது நிறைய. பேங்க் கணக்கு, ஆஸ்பத்திரி ரெக்கார்டு போன்ற சமாச்சாரங்களைப் பாதுகாப்பான இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று கிளையன்ட் நினைப்பதிலும் நியாயம் உண்டு. வீட்டில் இருந்தபடி இரண்டு கம்பெனிக்கு வேலை பார்த்த பேர்வழிகளும் இருந்தார்கள். 2022-ல் விப்ரோ அப்படி 300 பேரைக் கண்டுபிடித்து வெளியேற்றியதாக அதன் தலைவரே சொன்னார்.

வீட்டிலிருந்து வேலை செய்தால் வேலை கெட்டுவிடுமா என்று ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் டிரிப்.காம் கம்பெனியில் 1,612 பேரை வைத்துச் செய்த சோதனை 2024-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் வேலைத் தரம் குறையவில்லை. ராஜினாமா செய்தவர்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஐந்து நாளும் வீட்டிலேயே இருந்தால் என்னவாகும் என்பதற்கு இந்தச் சோதனை பதிலாகாது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதனால் என் சண்டை ஆபீசோடு இல்லை. முதலில் ஒரு விலையைப் பேசி ஆளை எடுத்துவிட்டு, பிறகு சரக்கை மாற்றி அதே விலைக்குக் கேட்கிறார்களே, அதோடுதான்.

வேலை செய்யும் இடம் என்பது சம்பளத்தின் ஒரு பகுதி. கம்பத்தில் சொந்த வீட்டில் இருந்து வாங்கும் 38,000 ரூபாயும், சென்னையில் பிஜி விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வாங்கும் 38,000 ரூபாயும் ஒன்றா? தம்பி டீக்கடைப் பேப்பரிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். விடுதிக்கு 9,000. வெளிச் சாப்பாடு 5,000. மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்துபோக 4,500. உள்ளூர்ப் பயணம் 2,000. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோவும் ஆளும் 2,500. மொத்தம் 23,000. மீதி 15,000. சம்பளத்தில் ஒரு பைசா குறைக்காமலே பாதிக்கு மேல் பிடுங்கியாகிவிட்டது. மெயில் அனுப்பியவருக்கு ஒரு காசு செலவில்லை.

அந்த ஹைபிரிட் மோசடியையும் கவனியுங்கள். வாரம் இரண்டு நாள் என்றால் கேட்பதற்கு எவ்வளவு சாதுவாக இருக்கிறது! தாம்பரத்தில் குடியிருப்பவருக்கு அது இரண்டு நாள். கம்பத்துக்காரருக்கு அது ஏழு நாள். இரண்டு நாளுக்காகச் சென்னையில் மாத வாடகைக்கு இடம் பிடித்தாக வேண்டுமே. இரண்டு நாளுக்குத் தகுந்த மாதிரி வாடகை வாங்கும் வீட்டுக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு ஆபீஸ் போய் என்ன செய்கிறார்? "காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு கால்ல உக்காந்திருப்பேண்ணே. எங்க லீட் புனேல இருக்காரு. மேனேஜர் டெக்சாஸ்ல. பக்கத்து சீட்ல இருக்கறவங்க வேற புராஜெக்ட். அவங்க பேரு கூடத் தெரியாது." கம்பத்து மொட்டை மாடியில் செய்த அதே வேலை. நடுவில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் மட்டும் கூடுதல்.

*

இன்னொரு தில்லுமுல்லு இதைவிடப் பெரியது.

இந்தத் தம்பிக்கு சம்பளத்தோடு லீவு உண்டா? கிடையாது, அவர் கான்ட்ராக்ட். இன்ஷூரன்ஸ்? கான்ட்ராக்டுக்குக் கிடையாது. புராஜெக்ட் முடிந்தால் அடுத்தது வரும்வரை உட்காரவைத்துச் சம்பளம் தருவார்களா? அதெல்லாம் கம்பெனி ஊழியர்களுக்கு. ரொம்ப சரி. அப்படியானால் ஒன்பதரை மணிக்குள் கார்டு தேய்க்க வேண்டும், எட்டரை மணி நேரம் நாற்காலியில் இருக்க வேண்டும், இன்ன ஊரில் இன்ன மாடியில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் எதற்கு? கொடுக்க வேண்டியது வரும்போது வெளியாள். வாங்க வேண்டியது வரும்போது வீட்டாள். பெண் எடுத்த இடத்தில் ஒரு உறவும், பெண் கொடுத்த இடத்தில் வேறொரு உறவும் பேசுவது போல!

வீட்டுக்கு வெள்ளையடிக்க மொத்தமாகப் பேசி ஒருவரை விடுகிறோம். சுவர் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். அவர் எந்த ஊரில் ராத்திரி தூங்க வேண்டும் என்று நாம் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அவர் கான்ட்ராக்டர் இல்லை, நம் ஆள். இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1956-லேயே உச்ச நீதிமன்றம், குஜராத் பக்கத்து உப்பளத் தொழிலாளர்கள் வழக்கில் இந்த அளவுகோலைச் சொல்லிவிட்டது. என்ன வேலை என்பதோடு, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் முதலாளி. உப்பள முதலாளிகள் அன்றைக்குச் சொன்ன 'இவர்கள் எங்கள் தொழிலாளிகள் இல்லை, ஒப்பந்தக்காரர்கள்' என்ற வசனத்தைத்தான் இன்று ஏ.சி. அறையில் இங்கிலீஷில் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவரைக் கங்காணி என்றோம். துரை ஒன்று சொல்வார், கங்காணி அதை இரண்டாக்கிச் சொல்வார், அடி விழுவது கடைசி ஆளுக்கு. இப்போதைய சங்கிலியும் அப்படித்தான். கிளையன்ட் நிஜமாகவே வரச் சொன்னாரா, இல்லை நடுவில் இருப்பவர் தன் காலி நாற்காலிகளை நிரப்பச் சொன்னாரா? தம்பிக்குத் தெரிய வழியே இல்லை. கிளையன்டோடு பேசவே கூடாது என்று அவரது காகிதத்திலேயே ஒரு ஷரத்து இருக்கிறது!

*

அந்தக் காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை.

"ஆஃபர் லெட்டர்ல என்ன எழுதியிருக்கு தம்பி?" என்றேன். போனில் எடுத்துக் காட்டினார். பணியிடம்: சென்னை, அல்லது நிறுவனம் அவ்வப்போது முடிவு செய்யும் வேறு இடம். 'வீட்டிலிருந்து வேலை' என்ற சொல்லே அதில் இல்லை. அது போனில் சொன்ன சொல், காற்றோடு போய்விட்டது.

"படிக்கலையா?"

"பதினோரு பக்கம்ணே. சம்பளம் எங்க போட்டிருக்குன்னு மட்டும் பாத்தேன்."

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த ஒருவர் இப்படிச் சொல்லலாமா? உங்கள் பள்ளத்தாக்கே ஒரு எழுத்து ஒப்பந்தத்தில் உயிர் வாழ்கிறது! 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் கையெழுத்தான குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷம். அதை வைத்துத்தான் பென்னிகுக் அணை கட்டினார், 1895-ல் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. 1970-ல் வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தினார்கள். எப்படி? 'கேரளாவின் எதிர்பார்ப்பு' என்று மெயில் அனுப்பியா? இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி, துணை ஒப்பந்தம் எழுதி, கையெழுத்துப் போட்டு. மின்சாரம் எடுக்கும் உரிமை இந்தப் பக்கம், மீன்பிடி உரிமை அந்தப் பக்கம் என்று கொடுக்கல் வாங்கலோடு. இன்றைக்கும் அணை விவகாரம் கோர்ட்டுக்குப் போனால், முதலில் மேஜைக்கு வருவது அந்தப் பழைய காகிதம்தான்.

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. பழைய ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தத்திலேயே 'நான் இஷ்டப்படி மாற்றுவேன்' என்று ஒருவர் எழுதி, மற்றவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் சட்டம் என்ன செய்யும்?

ஆகவே, கான்ட்ராக்டில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு நான்கு வார்த்தை.

ஒன்று: எந்த ஊரிலிருந்து வேலை என்பதை ஆஃபரில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், போனில் பேசியதை நீங்களே ஒரு மெயிலாக எழுதி, 'நாம் பேசியபடி' என்று ஆரம்பித்து அனுப்பிவையுங்கள். மறுக்காத மெயிலும் நாளைக்கு ஒரு சாட்சி.

இரண்டு: இரண்டு விலை சொல்லுங்கள். வீட்டிலிருந்து என்றால் இவ்வளவு, ஆபீஸ் என்றால் இவ்வளவு. சேருகிற அன்றைக்கே சொல்லுங்கள். அன்றைக்குத்தான் உங்கள் கை கொஞ்சமாவது ஓங்கியிருக்கும்.

மூன்று: மாற்றம் வந்தால் குறைந்தது இரண்டு மாத அவகாசமும் குடிமாறும் செலவும் கேளுங்கள். எப்போதாவது ஒரு நாள் வரச் சொன்னால் போக்குவரத்தும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு.

நான்கு: தனியாகக் கேட்காதீர்கள். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசே 2016-ல் தெளிவாக்கிவிட்டது.

"கேட்டா வேலை போயிரும்ணே" என்றார் தம்பி. அந்தப் பயம் பொய்யில்லை. 2025-ல் டி.சி.எஸ்.ஸே 12,000 பேருக்கு மேல் குறைக்கப் போவதாக அறிவித்த காலம் இது. பத்துப் பேர் வாசலில் நிற்கிறார்கள் என்று கங்காணி மிரட்டத்தான் செய்வார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேட்காமல் இருந்ததால் தம்பிக்கு என்ன மிஞ்சியது? வேலை இருக்கிறது. அந்த வேலை எதற்காகவோ, அது போய்விட்டது.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆட்களை ஓர் இடத்தில் சேர்த்து வைத்தால்தான் வேலை நடக்கும் என்றால், அந்த இடம் சென்னையாகவும் பெங்களூருவாகவும்தான் இருக்க வேண்டுமா? ஜோஹோ 2011-லேயே தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டதே? விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியில் 2024-ல் அரசு சின்ன டைடல் பார்க்குகளைத் திறந்ததே? தேனியிலோ கம்பத்திலோ நூறு நாற்காலியோடு ஒரு மாடி போதும். பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டு வருவார்கள்.

*

கல்யாண வீட்டில் அன்று சாயங்காலம் அந்த அம்மாவைத் திரும்பப் பார்த்தேன். தோட்டத்திலிருந்து இறங்கி, குளித்து, பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார். மகனின் மெயில் விவகாரத்தை என்னால் முடிந்த அளவு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏங்கய்யா, எங்களக் காட்டுக்குக் கூப்புடுற முதலாளி அவரு காசுலதான ஜீப்பு அனுப்புறாரு. வேலைக்கு வான்னு கூப்புடுறவங்கதான வண்டி வாடகை குடுக்கணும்? இவனுக்கு யாரு குடுக்குறா?"

பதினோரு பக்க ஒப்பந்தத்தில் இதற்குப் பதில் இல்லை. பந்தி கூப்பிட்டார்கள், எழுந்து போனேன். மறுநாள் ராத்திரி தம்பி தன் காசில் டிக்கெட் எடுத்து பஸ் ஏறினார்.